பருவம் தொடங்குமுன்



பிப்ரவரித் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியிலுள்ள பாஸ்டன் நகரம் கடுங்குளிரில் ஒடுங்கியிருக்கும். மரங்களில் இலை இராது. தெருவோரங்களில் வாரி ஒதுக்கிய பனி குவிந்து கிடக்கும். அத்தகைய நாளொன்றில், ஃபென்வே பார்க் என்னும் பழைய ஆட்டக்களத்தின் அருகே மக்கள் சிலர் கம்பளி ஆடை அணிந்து கூடி நிற்பதைக் காணலாம். அன்று ஆட்டம் எதுவும் இல்லை. ஒரு பெரிய சரக்கு லாரி புறப்படுவதைப் பார்ப்பதற்காகவே அவர்கள் வந்திருக்கிறார்கள். மட்டைகளும் பந்துகளும் கையுறைகளும் ஏற்றப்பெற்ற அந்த லாரி, ஏறத்தாழ 1,500 மைல் தெற்கே, வெயில் மிகுந்த ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் மையர்ஸ் நகருக்குச் செல்கிறது. அங்கேதான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் குழு, பருவம் தொடங்குமுன் பயிற்சி பெறுவது வழக்கம். லாரி நகர்ந்ததும் மக்கள் கைதட்டுகிறார்கள். பின்னர் வீடு திரும்புகிறார்கள். திரும்பும் வழியிலேயே அவர்களுடைய கவலையும் தொடங்கிவிடுகிறது.

அந்தக் கவலையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். எங்கோ ஒரு நாட்டில், நாம் ஆடாத ஓர் ஆட்டத்தில், யாரோ ஒரு ரசிகர் கொள்ளும் கவலையால் நமக்கு ஆவதென்ன என்று நீங்கள் கேட்கலாம். வருங்காலத்தைப் பற்றி மனிதன் கொள்ளும் அச்சங்களில் எது அறிவின்பாற்பட்டது, எது மயக்கத்தின்பாற்பட்டது என்று பிரித்து அறிவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஏனெனில், பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வொரு செயலும் எண்ணாகப் பதிவு செய்யப்படுகிறது. நாம் கொண்ட கவலை சரியா, தவறா என்பதை ஏழு எட்டுத் திங்களுக்குள் அந்த எண்களே கூறிவிடுகின்றன.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு குழுவுக்கு ஒன்பதின்மர் களத்தில் நிற்பர். நான்கு தளங்கள் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல் அமைந்திருக்கும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடைத்தூரம் 90 அடி. மட்டை பிடிப்பவர் ஒரு மூலையில் நிற்பார். அவருக்கு எதிரே, 60 அடி 6 அங்குலத் தொலைவில், சற்று உயர்ந்த மேட்டின்மீது பந்தெறிபவர் நிற்பார். பந்து தரையில் பட்டு எழுவதில்லை. காற்றினூடே நேராகப் பாய்ந்து வரும். மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து மட்டையை வந்தடைய அரை விநாடிகூட ஆவதில்லை. பந்தை அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றிவந்து புறப்பட்ட இடம் சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் மற்றக் குழுவுக்கு முறை வரும். இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. ஓட்டங்கள் சமமாக இருப்பின், ஒருவர் வெல்லும்வரை மேலும் இன்னிங்ஸ்கள் தொடரும்.

இவ்வாட்டத்தின் தனித்தன்மை ஒன்றை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பத்து முறை மட்டை பிடித்து, அவற்றுள் மூன்று முறை அடித்துத் தளம் சேர்பவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்படுகிறார். அதாவது, பத்தில் ஏழு முறை தோற்பவரே வல்லவர்! 1941ஆம் ஆண்டில் பாஸ்டன் குழுவின் டெட் வில்லியம்ஸ், ஆயிரத்துக்கு 406 என்னும் விகிதத்தில் அடித்தார். அதன்பின் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ஆகிய இரண்டிலும் எவரும் ஒரு முழுப் பருவத்தில் 400ஐ எட்டியதில்லை.

மற்றொரு கணக்கையும் பாருங்கள். 500 முறை மட்டை பிடிக்கும் ஒருவர் ஆயிரத்துக்கு 250 என்னும் விகிதத்தில் அடித்தால் 125 அடிகள்; 300 என்னும் விகிதத்தில் அடித்தால் 150 அடிகள். முன்னவர் சாதாரண ஆட்டக்காரர், பின்னவர் புகழ்பெற்றவர். இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு 25 அடிகள். ஆறு திங்கள் நடைபெறும் பருவத்தில் இது வாரத்துக்கு ஓர் அடி என்ற அளவே ஆகும். ஒரு வாரம் முழுவதும் களத்தில் அமர்ந்து பார்த்தாலும், இவ்விருவரில் வல்லவர் யார் என்று கண்ணால் அறிய இயலாது. ஏடுகளில் எண்களைச் சேர்த்து வைத்தால்தான் தெரியும்.

இனி, பாஸ்டன் ரசிகரின் வரலாற்றுக்கு வருவோம். ரெட் சாக்ஸ் குழு 1918ஆம் ஆண்டில் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் வென்று வாகை சூடியது. அதன்பின் 86 ஆண்டுகள் அப்பேறு அதற்குக் கிட்டவில்லை. 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளில் இறுதித் தொடர்வரை சென்றது. நான்கு முறையும் ஏழு ஆட்டங்கள் ஆடி, ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. முதலிலேயே தோற்றுவிடும் குழுவின் ரசிகருக்கு ஏமாற்றம் மட்டுமே உண்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போகும் குழுவின் ரசிகருக்கோ, ஏமாற்றத்தோடு ஓயாத கவலையும் சேர்ந்துவிடுகிறது.

2003ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அக்கவலை உச்சத்தை அடைந்தது. உலகத் தொடருக்கு முந்திய தொடரின் ஏழாவது ஆட்டம் நியூயார்க் நகரில் நடைபெற்றது. எதிரிகள் நெடுங்காலப் பகைவரான நியூயார்க் யாங்கீஸ் குழுவினர். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5–2 என்று முன்னணியில் நின்றது. பந்தெறிபவர் பெட்ரோ மார்ட்டினெஸ் களைத்துவிட்டார் என்பது வீட்டில் அமர்ந்திருந்தோர்க்கும் தெரிந்தது. ஆயினும் குழுவின் மேலாளர் கிரேடி லிட்டில் அவரை மாற்றவில்லை. நியூயார்க் மூன்று ஓட்டங்கள் எடுத்துச் சமன் செய்தது. 11ஆவது இன்னிங்ஸில் ஆரன் பூன் என்பவர் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஆட்டத்தை முடித்தார். சில நாட்களுக்குள் மேலாளர் பதவி இழந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பாஸ்டன் ரசிகர், வரவிருக்கும் 2004ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி என்னென்ன கவலைகளை அடுக்கியிருப்பார்? நாம் அவர் இடத்தில் அமர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, பந்தெறிபவரின் தோள். மார்ட்டினெஸ் ஒப்பற்ற வல்லவர். எனினும் 2001ஆம் ஆண்டில் தோள் நோவால் நெடுநாள் ஆடாதிருந்தவர். புதிதாக அரிசோனாவிலிருந்து வந்து சேர்ந்த கர்ட் ஷில்லிங்குக்கு வயது 37. இரண்டாவது, புதிய மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனா. அவர் அதற்குமுன் ஃபிலடெல்பியா குழுவை நான்கு ஆண்டுகள் நடத்தி, நான்கிலும் வெற்றியைவிடத் தோல்வியே மிகுதியாகக் கண்டவர். மூன்றாவது, ஒப்பந்தங்கள். மார்ட்டினெஸ், நோமார் கார்சியாபாரா முதலிய முதன்மையான ஆட்டக்காரர் பலருடைய ஒப்பந்தம் அப்பருவத்தோடு முடிவதாக இருந்தது. நான்காவது, பகைவரின் செல்வம். அமெரிக்கன் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என 2003ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அலெக்ஸ் ரோட்ரிகஸைப் பெறப் பாஸ்டன் முயன்றது. அவருடைய ஒப்பந்தத் தொகையைக் குறைப்பதற்கு ஆட்டக்காரர் சங்கம் இசையாமையால் முயற்சி கைகூடவில்லை. இரண்டு திங்களுக்குள் அவரை நியூயார்க் பெற்றுக்கொண்டது! ஐந்தாவது கவலை, சாபம். அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

இக்கவலைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சில, சான்றுடைய கவலைகள். சில, தற்செயலைப் பற்றிய கவலைகள். சில, வெறும் மூடநம்பிக்கை. இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்வோம்.

சான்றுடைய கவலைக்குப் பந்தெறிபவரின் கையே தக்க எடுத்துக்காட்டு. மனிதனுடைய கை, தோளுக்கு மேலாகப் பந்தை அத்துணை விசையோடு ஆயிரக்கணக்கான முறை எறிவதற்கென அமைந்ததன்று. முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் சிறு தசைநார் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை எறியும்போதும் அது கடுமையாக இழுபடுகிறது. நாளடைவில் அது கிழிந்துவிடுவதுண்டு. முற்காலத்தில் அத்துடன் ஆட்டக்காரரின் தொழில் முடிந்தது. 1974ஆம் ஆண்டு செப்டம்பரில், ஃபிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், டாமி ஜான் என்ற பந்தெறிபவரின் உடலில் வேறோர் இடத்திலிருந்து நாண் ஒன்றை எடுத்து முழங்கையில் பொருத்தினார். ஜான் 1976ஆம் ஆண்டில் மீண்டும் களம் புகுந்து, 1989ஆம் ஆண்டுவரை ஆடினார். இன்று அந்த அறுவை முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. எனினும் அதிலிருந்து மீள ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆகையால், பிப்ரவரியில் ஒரு பந்தெறிபவர் முழங்கையைத் தடவிக் கொண்டார் என்ற செய்தி வந்தால், ரசிகர் கலங்குவதில் பொருள் உண்டு.

பணத்தைப் பற்றிய கவலையும் அத்தகையதே. 1975ஆம் ஆண்டு இறுதியில் பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர் வழங்கிய தீர்ப்புக்குப்பின், ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பிய குழுவில் சேர வழி பிறந்தது. உழைப்பவருக்கு அது நீதியான தீர்ப்பே. ஆனால் அதன் விளைவாகச் செல்வக் குழுக்கள் சிறந்தவர்களைத் திரட்டிக் கொள்ளவும் முடிந்தது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஊதியம் வழங்கும் குழு வரி செலுத்த வேண்டும் என்று பின்னர் விதி செய்தார்கள். அவ்விதி ஏற்றத்தாழ்வை ஓரளவு தணித்ததேயன்றி, நீக்கிவிடவில்லை.

இனித் தற்செயலைப் பற்றிய கவலை. ஒரு பருவத்தில் ஒரு குழு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. வெற்றிக்கும் தோல்விக்கும் சரிபாதி வாய்ப்புள்ள நடுத்தரக் குழு ஒன்றை எண்ணிக் கொள்ளுங்கள். அது 81 ஆட்டங்களில் வெல்லும் என்று எதிர்பார்ப்போம் அல்லவா? ஆனால் நாணயம் ஒன்றை 162 முறை சுண்டிப் பாருங்கள். சரியாக 81 முறை தலை விழுவது அரிதே. 75க்குக் குறைவாகவோ 87க்கு மிகுதியாகவோ தலை விழுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பது நிகழ்தகவுக் கணக்கு. ஆகவே, ஆற்றல் சிறிதும் மாறாமலே ஒரு குழு ஓராண்டு 88 வெற்றியும் மறு ஆண்டு 74 வெற்றியும் பெறலாம். முன்னதைக் கண்டு ரசிகர் வானளாவ மகிழ்கிறார். பின்னதைக் கண்டு பாதாளத்தில் விழுகிறார். பத்திரிகைகள் முதல் ஆண்டில் மேலாளரின் மதிநுட்பத்தையும், இரண்டாம் ஆண்டில் அவருடைய மந்த புத்தியையும் விரிவாக எழுதுகின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுவே.

இதனோடு இணைந்த உண்மை ஒன்றை இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886ஆம் ஆண்டில் வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் மக்கள் உயரமாகவே இருப்பினும், சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குறைந்த உயரமே பெறுகின்றனர். மிகக் குட்டையான பெற்றோரின் மக்கள் சற்று உயர்ந்துவிடுகின்றனர். இரு கோடிகளிலிருந்தும் நடுவை நோக்கித் திரும்பும் இப்போக்கு, தற்செயல் கலந்த எல்லா அளவைகளிலும் காணப்படுகிறது. சென்ற ஆண்டு தம் இயல்புக்கு மிஞ்சி ஆடிய ஆட்டக்காரர், இவ்வாண்டு சற்றுத் தாழ்வார் என்று எதிர்பார்த்தல் முறையே. அது சோம்பலும் அன்று. செருக்கின் விளைவும் அன்று.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் பள்ளியில் தலைமை ஆசிரியனாக இருந்தவன் நான். காலாண்டுத் தேர்வில் வழக்கத்தைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவனை அழைத்துக் கடிந்து கொள்வேன். அரையாண்டுத் தேர்வில் அவன் உயர்வான். காலாண்டில் எதிர்பாராத வகையில் மிகுந்த மதிப்பெண் பெற்றவனைப் பாராட்டுவேன். அரையாண்டில் அவன் சற்றுத் தாழ்வான். ஆகவே கடிதலே நன்மை பயக்கும், பாராட்டு கெடுக்கும் என்று நெடுங்காலம் உறுதியாக நம்பியிருந்தேன். ஆசிரியர் கூட்டங்களில் அவ்வாறே பேசியும் இருக்கிறேன். கால்ட்டன் கண்ட உண்மையை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் புள்ளியியற் பாடமாகப் படித்திருந்தும், என் வகுப்பறைக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. தாழ்ந்தவன், நான் கடியாவிடினும் உயர்ந்திருப்பான். உயர்ந்தவன், நான் பாராட்டாவிடினும் சற்றே தாழ்ந்திருப்பான். என் சொல்லுக்கு அதில் இருந்த பங்கு நான் நினைத்ததைவிட மிகச் சிறிது. ஆனால் கடிந்த சொல் சிறுவர்களின் உள்ளத்தில் தைத்தது மட்டும் உண்மை. ஓய்வுபெற்ற பின்னரே இதனை உணர்ந்தேன்.

மூன்றாவது வகை, மூடநம்பிக்கை. 1919ஆம் ஆண்டு இறுதியில் பாஸ்டன் குழுவின் உரிமையாளர், பேப் ரூத் என்னும் பேராற்றல் வாய்ந்த ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் குழுவுக்கு விற்றார். அதுவரை ஒரு முறையும் உலகத் தொடரை வெல்லாத நியூயார்க், 1923ஆம் ஆண்டு தொடங்கி 2000ஆம் ஆண்டுக்குள் 26 முறை வென்றது. பாஸ்டனோ ஒரு முறையும் வெல்லவில்லை. எனவே ரூத்தின் சாபம் குழுவைப் பற்றியுள்ளது என்று மக்கள் பேசலாயினர். 1990ஆம் ஆண்டில் டான் ஷானெஸி என்ற பத்திரிகையாளர் அதனைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

சாபக் கதையில் ஒரு கேடு உண்டு. அது உண்மைக் காரணங்களைத் தேடவிடாமல் மனத்தை மூடிவிடுகிறது. பாஸ்டனின் தாழ்வுக்கு வெளிப்படையான காரணம் ஒன்று கண்ணெதிரே இருந்தது. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் முதலிய கறுப்பு இன ஆட்டக்காரர் மூவர் ஃபென்வே களத்துக்கு வந்து தம் திறமையைக் காட்டினர். பாஸ்டன் அவர்களுள் ஒருவரையும் சேர்த்துக் கொள்ளவில்லை. ராபின்சன் 1947ஆம் ஆண்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் சேர்ந்தார். 1955ஆம் ஆண்டில் அக்குழு முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது அவரும் அதில் இருந்தார். அப்போதிருந்த 16 குழுக்களுள் கறுப்பு இனத்தவர் ஒருவரைக் கடைசியாகச் சேர்த்துக் கொண்டது பாஸ்டன். 1959ஆம் ஆண்டு ஜூலையில் பம்ப்ஸி கிரீன் என்பவர் அங்கு ஆடத் தொடங்கும்போது, ராபின்சன் களம் புகுந்து 12 ஆண்டுகள் கழிந்திருந்தன. 86 ஆண்டு வறட்சிக்கும் இது ஒன்றே காரணம் என்று கூற இயலாது. ஆயினும், வாயிலைத் தேடி வந்த திறமையைத் தோல் நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டு, சாபத்தின்மீது பழி போடுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகும்.

அறிவோடு கவலைப்படுவது எப்படி என்பதையும் அதே குழு பின்னர்க் கற்றுக்கொண்டது. 2002ஆம் ஆண்டு இறுதியில், 28 வயதே ஆன தியோ எப்ஸ்டீன் குழுவின் பொது மேலாளரானார். ஆட்ட எண்களை நீண்ட காலம் ஆராய்ந்து எழுதிவந்த பில் ஜேம்ஸ் ஆலோசகரானார். பார்வைக்குக் கவர்ச்சியான ஆட்டக்காரரை மட்டும் நாடாமல், எந்த வகையிலேனும் அடிக்கடித் தளம் சேர்பவர் யார் என்று எண்களைக் கொண்டு தேடினர். மினசோட்டா குழு வேண்டாமென விடுவித்த டேவிட் ஓர்ட்டிஸ் என்பவரை 2003ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சேர்த்துக் கொண்டனர்.

சரி, 2004ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்ன? ரசிகரின் கவலைகள் சில மெய்யாயின. கார்சியாபாரா கால் நோவால் ஜூன் திங்கள்வரை ஆடவில்லை; ஜூலை 31 அன்று அவரை வேறு குழுவுக்கு மாற்றியும் விட்டனர். நியூயார்க் 101 ஆட்டங்களில் வென்று பிரிவில் முதலிடம் பெற்றது. 98 வெற்றிகளுடன் பாஸ்டன் இரண்டாமிடம் பெற்றது. இரு குழுக்களும் முந்திய ஆண்டைப் போலவே மீண்டும் மோதின. முதல் மூன்று ஆட்டங்களிலும் நியூயார்க் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் 19–8 என்ற பெருந்தோல்வி! ஏழு ஆட்டத் தொடரில் முதல் மூன்றையும் இழந்த குழு மீண்டு வென்ற வரலாறு பேஸ்பாலில் அதுவரை இல்லை.

நான்காவது ஆட்டம் அக்டோபர் 17 அன்று ஃபென்வே களத்தில் நடந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. பந்தெறிந்தவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்து வைப்பதில் அவருக்கு நிகரானவர் இல்லை. முதல் தளத்தை அடைந்திருந்த கெவின் மில்லருக்குப் பதிலாக ஓடுவதற்கு டேவ் ராபர்ட்ஸ் இறக்கப்பட்டார். அவர் இரண்டாம் தளத்தைத் திருட்டு ஓட்டத்தால் கைப்பற்ற முயல்வார் என்பது களத்திலிருந்த அனைவருக்கும் தெரியும். அறிந்திருந்தும் தடுக்க இயலவில்லை. அந்த 90 அடியை அவர் நூலிழை வேறுபாட்டில் கடந்தார். அடுத்து பில் மியூலர் அடித்த பந்தில் ஓடி வந்து ஓட்டத்தைச் சமன் செய்தார். 12ஆவது இன்னிங்ஸில் ஓர்ட்டிஸ் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து வெற்றியை ஈட்டினார். மறுநாள் ஆட்டம் 14 இன்னிங்ஸ் நீண்டது. அதனையும் ஓர்ட்டிஸின் அடியே முடித்தது. ஆறாவது ஆட்டத்தில் ஷில்லிங், கணுக்கால் நாணைத் தையலிட்டுப் பிணைத்துக் கொண்டு, காலுறையில் குருதி கசியப் பந்தெறிந்தார். ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் 10–3 என வென்றது. பின்னர் உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் குழுவை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தி, அக்டோபர் 27 அன்று வாகை சூடியது.

இப்போது பிப்ரவரியில் எழுதிய கவலைப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். 37 வயதான ஷில்லிங் அப்பருவத்தில் 21 வெற்றிகளைத் தேடித் தந்தார். தோல்வி மிகுந்த மேலாளர் எனக் கருதப்பட்ட ஃபிராங்கோனா வாகை சூடினார். எல்லோருக்கும் மேலாக, தொடரின் போக்கையே மாற்றிய டேவ் ராபர்ட்ஸ், அந்தப் பிப்ரவரியில் பாஸ்டன் குழுவிலேயே இல்லை! அவர் ஜூலை 31 அன்று வந்து சேர்ந்தவர். அஞ்சியவற்றுள் சில நடந்தன. ஆனால் முடிவை உறுதி செய்தவை எவர் கணக்கிலும் இல்லாதவை.

ஒரு முறை வென்றபின் கவலை ஒழிந்ததோ எனில், அதுவும் இல்லை. 2012ஆம் ஆண்டில் இதே குழு 69 வெற்றி, 93 தோல்வி என்று பிரிவின் கடைசி இடத்துக்குத் தாழ்ந்தது. 2013ஆம் ஆண்டில் 97 ஆட்டங்களை வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. 2014ஆம் ஆண்டில் 71 வெற்றிகளுடன் மீண்டும் கடைசி இடம்! சென்ற ஆண்டின் ஏட்டைக் கொண்டு வரும் ஆண்டை அளந்துவிடலாம் என்று எண்ணுபவர்க்கு இம்மூன்று ஆண்டுகளே போதிய பாடம்.

கவலையைப் பற்றி எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். அது முற்றினால் வெறுப்பாக மாறிவிடும். 1986ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பில் பக்னர் என்பவரின் கால்களினூடே பந்து நழுவிச் செல்ல, பாஸ்டன் தோற்றது. பந்து நழுவுவதற்கு முன்பே எதிரிகள் ஓட்டங்களைச் சமன் செய்திருந்தனர் என்பதையும், ஏழாவது ஆட்டம் ஒன்று எஞ்சியிருந்தது என்பதையும் மக்கள் மறந்தனர். தம் ஆட்டக் காலத்தில் 2,715 முறை வெற்றியுடன் அடித்த அம்மனிதரை, அந்த ஒரு பந்தைக் கொண்டே பல்லாண்டுகள் இகழ்ந்தனர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில், ஃபென்வே களத்தில் பருவத்தின் முதற்பந்தை எறிய அவர் அழைக்கப்பட்டார். மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அவர் கண்ணீரைத் துடைத்துக் கொண்டார். 22 ஆண்டுகள் கழித்தேனும் அது நிகழ்ந்ததே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம் வகுப்பிலோ வீட்டிலோ ஒருவர் செய்த ஒரு பிழைக்கு 22 ஆண்டுகள் காத்திருக்கச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

மாணவ நண்பர்களே! உங்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு புதிய பருவம் தொடங்குகிறது. புதிய வகுப்பு, புதிய பாடம், முன்னே ஒரு தேர்வு. கவலை வருவது இயல்பு. நேசிக்கும் பொருளைப் பற்றியே மனிதன் கவலை கொள்கிறான். ஆனால் கவலை வந்ததும், இதற்குச் சான்று உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு எனில், பாஸ்டன் பின்னாளில் செய்ததுபோல் செய்யத்தக்கதைச் செய்யுங்கள். அது தற்செயலைப் பற்றியது எனில், ஓர் ஆட்டத்தின் முடிவையோ ஒரு தேர்வின் மதிப்பெண்ணையோ கொண்டு உங்களையும் பிறரையும் எடைபோடாதீர்கள். அது சாபம், ராசி, தலைவிதி என்ற வகையினது எனில், அதன் பின்னே மறைந்து கிடக்கும் உண்மைக் காரணத்தைத் தேடுங்கள்.

2004ஆம் ஆண்டு வெற்றிக்குப்பின் நடந்த ஒரு செயலைக் கூறி முடிக்கிறேன். பாஸ்டன் பகுதி மக்கள் பலர், மறுநாள்களில் கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இந்நாளைக் காணாமலே மறைந்துபோன தந்தையர், பாட்டனார் ஆகியோரின் கல்லறைகளில் குழுவின் சிறு கொடிகளையும், வெற்றிச் செய்தி தாங்கிய செய்தித்தாள்களையும் வைத்துவிட்டு வந்தனர். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கவலைப்பட்டு, ஒவ்வொரு ஏப்ரலிலும் களத்துக்குச் சென்று, ஒவ்வோர் அக்டோபரிலும் ஏமாந்து, மறு பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியவர்கள் அம்முதியோர். அவர்கள் தம் மக்களுக்கு விட்டுச் சென்றது வெற்றி அன்று. அடுத்த பருவத்துக்காகக் காத்திருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால், வெற்றி வந்த நாளில் அதைக் கொண்டாட அங்கு ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.